வீட்டுக்கு மெயில் ஐடி கிடையாது

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்று வடமேற்கே கொடைக்கானல் மலையைப் பார்த்தது. மற்றது தென்கிழக்கே, கடலைத் தாண்டி இலங்கையைப் பார்த்தது. எண்பதுகளின் பின்பாதித் தூத்துக்குடியில் இதில் அதிசயம் எதுவும் இல்லை. வசதிக்கும் ஆசைக்கும் தக்கபடி ஆன்டெனாவின் குறுக்குக் கம்பிகள் கூடும். கம்பி கூடக் கூடத் தொலைவு எட்டும். எந்த வீட்டில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தெளிவாகத் தெரியும் என்பதைக் குழாயின் உயரத்தை வைத்துத் தெருவில் நின்றே சொல்லிவிடலாம்.

கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வருவதற்கு முன்பே எங்களுக்கு ரூபவாஹினி வந்துவிட்டது. 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு தொடங்கிய நிலையம் அது. இலங்கையிலேயே உயரமான பீதுருதலாகல மலையுச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், அதன் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. எங்களுக்கும் அதற்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் நடுவில் மறைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, பெரும்பகுதி கடல்தான். வெயில் காலத்தில், கடலுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் இரவுகளில், அலைகள் வளைந்து வந்து சேரும். படம் துல்லியமாக இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் வெளியே பெய்கிற மழை திரையிலும் பெய்யும்.

தமிழ்ச் செய்தி வரும், எப்போதாவது தமிழ்ப் படம் வரும், கிரிக்கெட் வரும். சிங்கள விளம்பரப் பாட்டுகளை அர்த்தம் தெரியாமலே நாங்கள் பாடிக்கொண்டு திரிந்தோம். அறிவிப்பாளர் கைகூப்பி 'ஆயுபோவன்' என்றதும் ஆச்சியும் பதிலுக்குக் கைகூப்புவாள். இராமேசுவரத்தில் அகதிகள் படகு படகாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அக்கரைச் செய்தி ஓடும்போது பெரியவர்கள் பேசாமல் இருப்பார்கள். அது முடிந்து படம் தொடங்கியதும்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

டிவியைத் தாத்தா 1984இல் வாங்கினார். டயனோரா, கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக் கதவு, அதற்கொரு பூட்டு. சாவி தாத்தாவிடம். பெட்டியைவிட அதற்கான ஏற்பாடுகள்தான் பெரிது. ஸ்டெபிலைசர் ஒன்று தரையில் உட்கார்ந்துகொண்டு, மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். ஆன்டெனா கம்பத்தின் உச்சியில் பூஸ்டர், அதற்குக் கரண்ட் கொடுக்க டிவிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி. மாடியிலிருந்து இறங்கும் வயர் ஜன்னல் சட்டத்தில் குடைந்த ஓட்டை வழியாக ஹாலுக்குள் வரும். அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. எறும்பு போய் வருகிறது.

கடற்காற்று அலுமினியத்தை அரித்துவிடும். வயரும் கம்பியும் சேரும் இடத்தில் வெள்ளையாக மாவு பூக்கும், செம்பு பச்சையாகும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சித்தப்பா உப்புத்தாளும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். நட்டைக் கழற்றி, பூத்ததைத் தேய்த்துச் செம்பு பளபளத்ததும் மறுபடி முறுக்கி, மேலே பழைய சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாக அறுத்து இறுக்கிச் சுற்றுவார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: திசை வைப்பது. குழாயைச் சித்தப்பா பிடித்துத் திருப்புவார். மாடிப்படியின் நடுவில் நான். ஹால் வாசலில் அண்ணன். டிவி முன்னால் அம்மாவும் ஆச்சியும்.

"ஏட்டி, இப்ப எப்படி இருக்கு?"

நான் அண்ணனிடம் கேட்பேன், அண்ணன் அம்மாவிடம் கேட்பான், பதில் அதே வழியில் மேலே போகும். "பூச்சி பறக்கு." "ஆள் ரெண்டு ரெண்டாத் தெரியுது." "படம் ஓடுது, நிக்க மாட்டேங்கு." எங்களுக்கென்று இப்படி ஒரு நோய்ப்பட்டியலே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. படம் மேலே ஓடினால் டிவியின் முதுகில் ஒரு திருகாணி. ஆள் இரட்டையாகத் தெரிந்தால் ஆன்டெனாவை விரற்கடை அளவு நகர்த்த வேண்டும். இதில் ஒரு சிக்கல், கேள்வி கீழே வந்து பதில் மேலே போவதற்குள் சித்தப்பா அடுத்த இடத்துக்குத் திருப்பியிருப்பார். 'இப்ப நல்லா இருக்கு' என்று நான் கத்துவது அவர் ஏற்கெனவே விட்டு நகர்ந்த இடத்துக்கான பதில். இதனாலேயே மத்தியானத்தில் தொடங்கிய வேலை விளக்கு வைக்கிற நேரம்வரை இழுக்கும். முடிவில் தீர்ப்புச் சொல்வது ஆச்சி. அவளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் ஆச்சி 'போதும்' என்றால் போதும்.

அந்த டிவி யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. சாவி தாத்தாவிடம் இருந்ததே தவிர அது தாத்தாவின் டிவி இல்லை. வாங்கிய புதிதில் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சின்ன லைசென்ஸ் புத்தகத்தில் தாத்தா பெயர் இருந்தது. வீட்டில் எல்லாவற்றிலும் தாத்தா பெயர்தான், மின் இணைப்பு, குழாய் இணைப்பு, பிற்பாடு வந்த டெலிபோன் எல்லாம். விண்ணப்பத்தில் ஒரு பெயர் எழுதவேண்டும் என்பதற்காக எழுதிய பெயர் அது. தாத்தா 1994இல் காலமானார். மின்கட்டண அட்டையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. பணம் கட்டப் போனால் ரசீது கொடுத்தார்கள். யாருக்கும் அதில் இடைஞ்சல் இருப்பதாகத் தோன்றவில்லை.

டெலிபோன் இன்னும் ஒரு படி மேல். அது எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே சொந்தம். எழுதிப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வந்த கறுப்புப் போன். தெருக்காரர்கள் தங்கள் லெட்டர்பேடிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எங்கள் நம்பரை அச்சடித்துப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டவர்களை 'பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க' என்று சொல்லி வைத்துவிட்டு, எங்களில் ஒருவர் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். பில் எகிறியபோது தாத்தா டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டுப் போட்டார். அதையும் அண்ணன் மீறினான். ரிசீவரை வைக்கிற கொக்கியைத் தாளம் போலத் தட்டினாலே நம்பர் போகும்: மூன்றுக்கு மூன்று தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. கிரிக்கெட் ஸ்கோர் கேட்க அவன் கூட்டாளிகளை இப்படித்தான் பிடிப்பான். தட்டும் வேகம் சற்றுத் தவறினால் யாரோ ஒரு முதலாளி வீட்டில் மணி அடிக்கும்.

கேபிள் வந்ததும் மாடி வேலை நின்றது. 1993 சித்திரை முதல் நாள் சன் டிவி தொடங்கியபோது எங்கள் தெருவில் கேபிள் இழுத்து முடித்திருந்தார்கள். கொடைக்கானல் குழாய்க்கும் இலங்கைக் குழாய்க்கும் நடுவே கொடி கட்டி அம்மா துணி காயப்போட்டாள். அவ்வளவுதான் அதன் கதை. கேபிள்காரப் பையன் மாதம் பிறந்தால் வந்து அட்டையில் தேதி போட்டுப் பணம் வாங்கிப் போவான். அவனும் அட்டையில் வீட்டுக் கதவு எண்ணைத்தான் எழுதினான்.

பிறகு அரசாங்கமே பொருள் கொடுக்க ஆரம்பித்தது. இதைப் பற்றி மேடையில் பேசியவர்கள் பலர். வீட்டுக்குள் அந்தப் பொருள்கள் என்ன செய்தன என்பதை எழுதியவர்கள் குறைவு என்பது என் எண்ணம். 2006இல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் குடும்ப அட்டைக்கு ஒன்று என்று கொடுத்தது, 14 அங்குலம். ஹாலில் பெரிய டிவி இருந்ததால் அது ஆச்சியின் அறைக்குப் போனது. எங்கள் வீட்டில் ஹாலுக்கு வெளியே வைத்த முதல் டிவி அது. கேபிளைப் பிரித்து ஆச்சி அறைக்கு இழுத்ததும் ஹாலில் படம் மங்கியது. ஆனால் சண்டை குறைந்தது. ஆச்சி ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். 2011இல் ஆட்சி மாறியதும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இந்தத் தடவை குடும்பத் தலைவியின் பெயரில் கொடுத்தார்கள். அம்மா வரிசையில் நின்று வாங்கி வந்தாள். எங்கள் வீட்டுக்குள் அம்மா பெயர் சொல்லி வந்த முதல் மின்சாதனம் அந்தக் கிரைண்டர்தான். அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதில் வேறு யாரையும் மாவு ஆட்ட விடவில்லை.

அதே ஆண்டு அறிவித்த மடிக்கணினி அடுத்த வருடம் சித்தப்பா மகளுக்குக் கிடைத்தது. இது அட்டைக்குமில்லை, தலைவிக்குமில்லை. மாணவிக்கு, அவள் பெயருக்கு. திறந்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று முதலில் ஒரு கேள்வி கேட்கும். அம்புக்குறியால் மேலே கீழே போய்த் தேர்வு செய்யவேண்டும். அது முடிந்தால் கடவுச்சொல். எங்கள் வீட்டில் 'நீ யார்' என்று கேட்ட முதல் பொருள் அதுதான். முதல் வாரத்திலேயே கடவுச்சொல் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா அதில் ஜாதகம் கணித்தார், அண்ணன் செல்போன் கடையில் பென் டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றி வந்தான். அவள் பிளஸ் டூ பாடத்தைப் பெரும்பாலும் நோட்டில்தான் படித்தாள்.

அந்த வருடங்களின் மின்வெட்டு நினைவிருப்பவர்களுக்கு இன்வெர்ட்டர் வாங்கிய கதையும் நினைவிருக்கும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. இன்வெர்ட்டர் மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் கேட்ட ஒரு கேள்வியில் வீடே இரண்டுபட்டது: "எந்தெந்தப் பாயின்ட்டுக்குக் குடுக்கணும்?" பேட்டரியால் எல்லாவற்றையும் தாங்க முடியாது. ஹால் மின்விசிறி, ஆச்சி அறை மின்விசிறி, இரண்டு டியூப்லைட் என்றதில் சச்சரவில்லை. மிச்சமிருந்த ஒரு பாயின்ட்டை அப்பா டிவிக்குக் கேட்டார். அம்மா மிக்சிக்குக் கேட்டாள். "மிக்சி இழுக்காதுக்கா" என்று எலெக்ட்ரீசியன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இழுக்குமா இழுக்காதா என்பது வாட் கணக்கு. ஆனால் அம்மா அதை அப்பாவும் அவரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டதாகவே இன்றும் நம்புகிறாள். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துச் சட்னி அரைக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். மிதவை சிவப்புக்கோட்டுக்கு இறங்கிவிட்டதா என்று குனிந்து பார்க்கிற அந்தப் பொறுமை வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஸ்மார்ட் டிவி வந்த நாளில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்காக. ஆச்சி அப்போது இல்லை. அண்ணன் பெங்களூரில், நான் மதுரையில். அண்ணன் அங்கிருந்தே ஆர்டர் போட்டான். நான் தற்செயலாக ஊருக்குப் போயிருந்தேன். மாட்டிவிட வந்த பையன் சுவரில் துளை போட்டு, சட்டத்தைப் பொருத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் மணி நேரத்தில் டிவியைத் தூக்கி மாட்டிவிட்டான். வேலை சுத்தம். அதற்குப் பிறகு திரையைப் பார்த்தபடி கேட்டான்:

"மெயில் ஐடி சொல்லுங்கம்மா."

"யாருது?"

"யாருதுன்னாலும் சரிதான்."

"வீட்டு மெயில் ஐடி போடு" என்றாள் அம்மா.

பையன் சிரிக்கவில்லை. பல வீடுகளில் கேட்டிருப்பான்போல. "வீட்டுக்கு மெயில் ஐடி கிடையாதும்மா. ஆளுக்குத்தான்."

அப்பாவுக்கு மெயில் ஐடி இருந்தது, கடவுச்சொல் இல்லை. அதை உண்டாக்கியது எப்போதோ மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டர். என்னுடையதைப் போட்டால் என் அலுவலகக் காலண்டர் ஹாலில் வந்து நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். அண்ணனுடையதைப் போடலாம் என்று முடிவானது. அவனுக்குப் போன் போட்டு, அவன் போனுக்கு வந்த எண்ணை அவன் வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல, பையன் ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றாக அமுக்கினான். அதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி வாசித்து, ஒருவழியாக டிவி எங்கள் வீட்டை அண்ணன் என்று ஏற்றுக்கொண்டது.

அதன் பலன்கள் மெல்ல மெல்லத் தெரிந்தன. அம்மா பார்க்கும் பழைய பாட்டுகளும் கோலம் போடுகிற காட்சிகளும் பெங்களூரில் அண்ணனின் போனில் தலைகாட்டின. அவன் பார்ப்பதும் இங்கே வந்து வரிசை கட்டியது. ஒருநாள் காலையில் அம்மா அவனுக்குப் போன் செய்து, "ராத்திரி முழுக்க தூங்காம எதுக்குடா குத்துச்சண்டை பாத்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்டாளாம். கல்லூரியில் படிக்கிற மகன் இருக்கிற மனிதன் அவன். தன் பெயரில் ஒரு தனி முகப்படம் போட்டு, அம்மாவுக்கு ஒரு தனி முகப்படம் போட்டுப் பிரித்துக் கொடுத்தான். அதிலிருந்து டிவியைப் போட்டதும் 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டு நாலு முகங்களை வரிசையாகக் காட்டும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். அதற்கு அங்கே ஒரு முகமும் இல்லை. எது முதலில் இருக்கிறதோ அதை அமுக்கிவிடுவார்கள். முதலில் இருந்தது அண்ணன்.

குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ரிமோட்டில் மைக் வந்தது அம்மாவுக்கு நல்ல வரம். அவள் அதை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, "சுசீலா பாட்டு போடுங்க" என்பாள். போட்டுவிடும். எழுதிப் படித்து அமுக்கித் தேடுவதெல்லாம் அவளுக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால் இந்தப் பொருள்களைச் செய்தவர்கள் மனத்தில் ஒரு வீடு இருந்திருக்கவேண்டும் அல்லவா? அதில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மெயில், ஆளுக்கொரு கடன் அட்டை. சோபாவில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்கூட அவர்களில் யாராவது ஒருவர் பெயரில்தான் பார்த்தாக வேண்டும். எங்கள் வீடு அந்த வீடில்லை. இங்கே பொருள் ஒன்று, அதற்கு ஆள் ஏழு.

இந்த இடைவெளியை அடைத்தது அம்மாவின் டைரி. ஒரு நகைக்கடை கொடுத்த பழைய வருடத்து டைரி. அதில் அவள் எழுதிவைத்திருப்பதை இங்கே அப்படியே எடுத்துப் போடுகிறேன், கடவுச்சொற்களை மட்டும் விட்டுவிட்டு:

"டிவி கறுப்பு ரிமோட். பாக்ஸ் சின்ன ரிமோட். முதலில் பாக்ஸ். படம் வராவிட்டால் கறுப்பில் அம்புக்குறி பொத்தான் ஒரு தரம் அமுக்கிக் காத்திருக்கவும். அவசரப்பட்டு மறுபடி அமுக்கினால் வேறெங்கோ போய்விடும்."

"வைஃபை. முதல் எழுத்து பெரிசு. நடுவில் வட்டத்துக்குள் ஏ. கடைசியில் ஆச்சரியக்குறி. மதினி கேட்டால் சொல்லலாம். மாடி வீட்டுப் பையனுக்குச் சொல்ல வேண்டாம்."

"ஓடிபி. கேஸ்: அப்பாவுக்கு வரும். டிவி: பெரியவனுக்கு. பேங்க், ரேஷன், ஆஸ்பத்திரி: எனக்கு. இன்டர்நெட்: மகளுக்கு, அவள் எடுக்காவிட்டால் மருமகனைக் கூப்பிடவும்."

இந்தக் கடைசிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மதுரையில் நான் கூட்டத்தில் இருந்தால் தூத்துக்குடியில் இணைய இணைப்பைப் புதுப்பிக்க முடியாது. பெங்களூரில் அண்ணன் விமானத்தில் இருந்தால் அம்மா பாட்டுக் கேட்க முடியாமல் போகலாம். அந்தக் காலத்தில் வீடு இயங்குவதற்கு வீட்டில் ஆள் இருந்தால் போதும்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. விடியும் முன்பே அப்பாவும் அம்மாவும் மாடி வீட்டுக்காரர்களும் சேர்ந்து பொருள்களைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எதை முதலில் தூக்கினார்கள் என்று பிறகு கேட்டேன். பீரோவிலிருந்த பத்திரங்கள், அடுத்து இன்வெர்ட்டர் பேட்டரி. அதை நாலு பேர் தூக்கியிருக்கிறார்கள். பிறகு மிக்சி, அரிசி டின். கிரைண்டரைத் தூக்க முடியவில்லை. டிவி சுவரில் இருந்ததால் பிழைத்தது. ரவுட்டரும் பிழைத்தது, ஆனால் கரண்டும் டவரும் போய்விட்ட வீட்டில் அதற்கு வேலையில்லை. பழைய டெலிபோனை நாங்களே என்றைக்கோ திருப்பிக் கொடுத்திருந்தோம். மதுரையிலிருந்து நானும் பெங்களூரிலிருந்து அண்ணனும் மாறி மாறிக் கூப்பிட்டு, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரலைத் தவிர வேறு குரல் கேட்காமல் கழித்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் போனேன். சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர்க்கோடு. தெரு முழுக்க மிக்சிகளும் மோட்டார்களும் வெயிலில் காய்ந்தன. கிரைண்டரைக் கழற்றி, மோட்டாரைத் தனியே எடுத்து ரீவைண்டிங் கடையில் கொடுத்தோம். அங்கே சீட்டுக் கட்டிய மோட்டார்கள் வாசல்வரை வரிசையில் கிடந்தன. அரசு நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடையில், குடும்ப அட்டைக்கு. அதை வாங்குவதில் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் அம்மாவின் போனில். தூக்கிவைக்கும் அவசரத்தில் அது தண்ணீரில் விழுந்துவிட்டது. டைரியின் பட்டியல்படி பேங்க், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த நம்பரில். புதுப் போன் வாங்கிவிடலாம், சிம் ஒன்று வாங்கவேண்டும், அவ்வளவுதானே என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்த அம்மா பேர்ல இல்லையே" என்றாள்.

அம்மாவுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. 2004இல் விடுமுறையில் வந்த சித்தப்பா, திரும்பிப் போகும்போது தன் போனைச் சிம்மோடு அம்மாவிடம் கொடுத்திருந்தார். "மதினி, இதை நீங்களே வச்சுக்கிடுங்க. நான் கூப்பிட வசதியா இருக்கும்." அத்தனை வருடங்களாக அம்மாவை உலகத்துக்கே அடையாளம் காட்டிய அந்த எண், கொழுந்தன் பெயரில். கொழுந்தன் மஸ்கட்டில். அவரே நேரில் ஆதாரோடு வந்தால்தான் மாற்று சிம் தரமுடியும் என்றாள் அந்தப் பெண். சட்டப்படி அவள் சொன்னது சரி. யார் வேண்டுமானாலும் வந்து யார் சிம்மை வேண்டுமானாலும் வாங்கிப்போக முடிந்தால் ஊரில் ஒருவர் பணமும் மிஞ்சாது.

"என் நம்பரு எனக்கு இல்லைன்னா வேற யாருக்கும்மா?" என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்கும் வெள்ளத்தில் வீடு போயிருந்தது என்பது பேசும்போது தெரிந்தது. அவள்தான் வழியும் சொன்னாள்: "பழைய சிம்மை எடுத்துத் தொடைச்சுப் போட்டுப் பாருங்க. போன்தான் கெடும், சிம் கெடாது."

அடுத்த தெருவில் செல்போன் ரிப்பேர் கடை. பையன் அம்மாவின் போனைப் பிரித்தான். உள்ளே சேறு மஞ்சளாகக் காய்ந்திருந்தது. சிம் தட்டை ஊசியால் நெம்பி எடுத்து, பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு, அந்தப் பொன்னிறத் தகட்டைக் கோடு கோடாகத் துடைத்தான். ஊதினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு பட்டன் போனில் போட்டு அமுக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிக்னல் கோடுகள் ஒன்றிரண்டாக எழும்பின. அதன் பின்னால் தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கொட்டின: நான் அனுப்பியவை, அண்ணன் அனுப்பியவை, மஸ்கட்டிலிருந்து சித்தப்பா அனுப்பியவை, நடுவே ஒரு கடன் விளம்பரம். கடைக்காரப் பையன் காசு வாங்கமாட்டேன் என்றான். அம்மா வற்புறுத்தி ஐம்பது ரூபாயைக் கல்லாவில் வைத்தாள்.

அடுத்த விடுமுறையில் சித்தப்பா வந்ததும் முதல் வேலையாக அம்மாவும் அவரும் கடைக்குப் போய்ப் பெயர் மாற்றிவிட்டார்கள். அவர் விரல் வைத்தார், அம்மா விரல் வைத்தாள். அம்மாவின் ரேகை இயந்திரத்தில் எளிதில் விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கை மோதிர விரலில் விழுந்ததாம்.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு வேகம் வந்துவிட்டது. மின் இணைப்பையும் மாற்றிவிட வேண்டும் என்றார். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதே இது ஒருமுறை தலைதூக்கியது. இணையப் பக்கத்தில் உரிமையாளரா, வாடகைதாரரா என்று கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு வழியும் வைத்திருந்தார்கள்: உரிமையாளர்தான், ஆனால் இணைப்பின் பெயர் இன்னும் மாற்றப்படவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளுக்குத் தாத்தாக்கள் இன்னும் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது அதை அமுக்கிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

இப்போது அப்பா இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டு வாங்கிவிட்டார். தாத்தாவின் பிள்ளைகள் எல்லாரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அப்பா போட்டாயிற்று, சித்தப்பா மஸ்கட்டுக்குத் திரும்பும் முன்பே போட்டுக் கொடுத்துவிட்டார். பாளையங்கோட்டை அத்தைதான் பாக்கி. அவளுக்கு வீட்டில் பங்கு வேண்டாம், கையெழுத்துப் போடுவதிலும் தடையில்லை. ஆனால் மின்கட்டணச் செய்தி இனிமேல் யார் போனுக்கு வரும் என்று கேட்டு, பதில் தெரிந்த பிறகு போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா தன் நம்பர் என்கிறார். அம்மா, அப்பா போனை எடுப்பதே இல்லை, என் நம்பரைக் கொடுங்கள் என்கிறாள்.